மழை நாளில் மட்டையில் மை ஏன் திட்டுத்திட்டாய் நிற்கிறது?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன், முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கையால் வாழ்த்து மட்டை செய்து விற்கிறேன். வீடியோவில் காட்டுகிற மாதிரியே ஸ்பொஞ்சால் மையைத் தேய்த்து நிறம் கலக்கிறேன். ஆனால் நிறம் திட்டுத்திட்டாய் நிற்கிறது, மட்டையில் பொடி எழும்புகிறது, காய்ந்த பிறகு மட்டையே வளைந்துவிடுகிறது. விலை கூடிய மை வாங்கினால் சரியாகுமா?

பதில்:

மை வாங்குவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். திட்டு, பொடி, வளைவு என்று நீங்கள் சொன்ன மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். நீங்கள் மையைத் தொடும் முன்பே மட்டைக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில், ஹீட்டர் போட்ட அறைகளில் எடுக்கப்பட்டவை. அங்கே காற்று உலர்ந்தது, தாளும் உலர்ந்தது. ஆடி மாதத்து ஹட்டனில் ஜன்னலைத் திறந்தால் மேகமே உள்ளே வருகிறது. அதே கை, அதே மை, அதே அசைவு இருந்தும் வேறு முடிவு வருவது இதனால்தான்.

தாள் என்பது மரநார். காற்றில் இருக்கும் ஈரத்தை அது எந்நேரமும் இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். தாளைச் சோதிப்பதற்குச் சர்வதேச அளவாக வைத்திருப்பது 23 பாகை செல்சியஸ் வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறை. அந்த நிலையில் தாளின் எடையில் ஏறக்குறைய ஆறேழு சதவீதம் தண்ணீர். மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 90ஐத் தொடும்போது இது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே நார்கள் ஊதிப்போயிருக்கும். மை உள்ளே ஓடிவிடாமல் இருக்கத் தாளின் மேற்பரப்பில் ஏற்றியிருக்கும் கஞ்சிப்பூச்சும் இளகியிருக்கும். அந்த நிலையில் ஸ்பொஞ்ச் முதலில் தொடுகிற இடத்திலேயே மை ஆழமாக இறங்கிவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அது நகராது. நகரவில்லையே என்று இன்னும் அழுத்தித் தேய்ப்போம், இளகிய நார் பிய்ந்து பொடியாக எழும்பும். எழும்பிய இடம் மேலும் மையைக் குடித்துக் கறுக்கும். உங்கள் மட்டையில் நடப்பது இதுதான்.

மலையகம் முழுவதற்கும் இது ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா என்று மேற்குச் சரிவை நனைத்து எடுக்கிறது. அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் உலர்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுகிற காலமும் அதுதான். அங்கே இருப்பவர்களுக்கு உங்களுடைய சிக்கல் தலைகீழாக வரும். மை தாளில் பட்ட உடனேயே காய்ந்துபோய், ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் சேருமிடத்தில் கோடு விழும். அவர்கள் மெதுவாகக் காயும் மையைத் தேட வேண்டும், நீங்கள் தாளை உலர்த்த வேண்டும். தீபாவளி வருகிற ஐப்பசியிலோ இரண்டு பக்கமும் மழை. டிசம்பர் முதல் வடகீழ்ப் பருவமழை ஊவாப் பக்கத்தை நனைக்கும், உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை ஓரளவு உலர்ந்திருக்கும். ஆகவே பின்னணி நிறம் தேய்த்த மட்டைகளை அந்த மாதங்களிலேயே நிறையச் செய்து அடுக்கி வைத்துவிடுங்கள். தீபாவளி நேரத்தில் எழுத்தும் ஒட்டலும் மட்டும் மிஞ்சும். சித்திரைப் புத்தாண்டு மட்டைகளைக் காலையிலேயே செய்யுங்கள். அந்த மாதங்களில் இடி மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும்.

இனி மட்டைக்கு வருவோம். காசு போட வேண்டிய இடம் இதுதான். பள்ளிக்கூட வேலைக்கு வாங்குகிற பிரிஸ்டல் போட் எல்லாம் ஒரே தரம் இல்லை. நிறப் பிரிஸ்டல் போட்டில் பல இலேசானவை, உரசினாலே நார் எழும்பும். ஒரு பக்கம் பளபளக்கும் ஆர்ட் போட்டில் களிமண் போன்ற பூச்சு இருக்கும், மை உள்ளே போகாமல் மேலேயே வழுக்கி, விரல் பட்டால் அழியும். உங்களுக்கு வேண்டியது வழுவழுப்பான, பளபளப்பில்லாத, வெள்ளை மட்டை. கனம் 250 முதல் 300 ஜி.எஸ்.எம். வரை, அதாவது ஒரு சதுர மீட்டர் மட்டையின் எடை இத்தனை கிராம். புத்தகக் கடையில் கனம் கேட்டால் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கும் அச்சகங்களில் கேட்டால் சொல்வார்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் குறைந்த விலைக்குத் தரும் அச்சகங்களும் உண்டு. ஒரு வாழ்த்து மட்டையின் முன்பக்கத்துக்கு அந்தத் துண்டே போதும்.

வாங்கும் முன் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். ஒரு துளி தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் கஞ்சிப்பூச்சுக் குறைந்த மட்டை, நமது வேலைக்கு ஆகாது. துளி சற்று நேரம் உருண்டு நின்று மெதுவாக இறங்கினால் நல்லது. ஈரவிரலை வைத்து எடுக்கும்போது பிசுபிசுவென்று ஒட்டினால் அது களிமண் பூச்சுப் பூசிய போட். பிறகு ஈரமில்லாத இடத்தில் விரலை வைத்துப் பலமாகப் பத்து முறை உரசுங்கள். அப்போதே மயிர் போல நார் எழும்பினால், மையோடு இன்னும் மோசமாகும். பின்னவலைப் பக்கம் விற்கிற யானைச் சாணக் கடதாசி போன்ற கைத்தாள்கள் அழகுதான், ஆனால் அவற்றில் மை ஒரே சீராக இறங்காது. அவற்றை அடித்தாளாக வைத்து, நிறம் தேய்த்த துண்டை மேலே ஒட்டுங்கள்.

வாங்கிய மட்டையைச் சுவரோரமாகவோ சிமெந்துத் தரையிலோ வைக்காதீர்கள். இறுக்கி மூடுகிற பிஸ்கட் டின்னோ பிளாஸ்டிக் பெட்டியோ போதும். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்து வைத்து உள்ளே போடுங்கள். கிடைக்காவிட்டால் வறுத்து ஆறவைத்த அரிசியைச் சிறு துணியில் முடிந்து வைக்கலாம், அது மெதுவாகத்தான் வேலை செய்யும், அடிக்கடி மாற்ற வேண்டும். இராமபாணப் பூச்சியும் பூஞ்சணமும் வராமல் இருக்கவும் இது உதவும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் காயும் என்று சிலர் செய்வதுண்டு. காயும் என்பது உண்மை, ஆனால் விறகுப் புகையின் கரி வெள்ளை மட்டையில் மஞ்சளாக ஏறிவிடும்.

வேலை தொடங்கும் முன் மட்டையை வெளியே எடுத்து, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு, மிதமான சூட்டில் அயன் பெட்டியை ஒரு தடவை ஓட்டுங்கள். ஹெயார் டிரையர் இருந்தால் அதையும் பிடிக்கலாம். சூடு ஆறியதும் உடனே தொடங்குங்கள், ஒரு மணித்தியாலம் வெளியே கிடந்தால் மறுபடி ஈரம் இழுத்துவிடும். மழை நாளில் இந்த ஒரு வேலையே உங்கள் குறையில் பாதியைத் தீர்த்துவிடும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும், குளிருக்குக் கையில் பூசுகிற கிறீமும் விரல்வழியே மட்டைக்குப் போகும். தண்ணீர்க் கலவை மை எண்ணெய் பட்ட இடத்தில் பிடிக்காது. நடுவில் விரல் ரேகை வடிவில் வெளிறிய திட்டு வந்தால் காரணம் இதுதான், அதை எந்த மையாலும் மூட முடியாது.

கருவி பெரிய விடயம் இல்லை. பாத்திரம் தேய்க்கிற ஸ்பொஞ்ச் வேண்டாம், அதன் பெரிய துளைகள் அப்படியே அச்சாக விழும். முகப்பூச்சுக்கு விற்கிற நெருக்கமான ஸ்பொஞ்ச் நல்லது. அதைவிட நல்லது நெருக்கமான மயிருள்ள, தலை உருண்ட மேக்கப் பிரஷ். ஸ்பொஞ்ச் நிறத்தை அழுத்தமாகத் தரும், ஆனால் வட்டக் கோடு விடும். பிரஷ் மென்மையாகத் தரும், பழகுகிறவர்களின் கைக்கு அதுதான் இணங்கும். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக் குடும்பத்துக்கு ஒன்று, நீலக் குடும்பத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நீலம் தொட்ட பிரஷை மஞ்சள் பேட்டில், அதாவது மஞ்சள் மை ஊறிய மெத்தையில் வைத்தால் அந்தப் பேட் கெட்டது கெட்டதுதான்.

இப்போது கை அசைவு. மட்டையின் ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் மேசையில் ஒட்டுங்கள். டேப்பை முதலில் சட்டைத் துணியில் ஓரிரு தடவை ஒட்டி எடுத்தால் பசை குறையும், கழற்றும்போது மட்டையைப் பிய்க்காது. அடியில் பழைய கலண்டரின் வழுவழுப்பான பக்கத்தையோ ஒரு டைலையோ வையுங்கள். பிரஷைப் பேட்டில் குத்தி எடுக்காமல், இலேசாக வட்டமாக உரசி எடுங்கள். எடுத்த உடனே மட்டைக்குப் போகக்கூடாது. முதலில் பக்கத்தில் உள்ள கழிவுத்தாளில் நாலு சுற்றுச் சுற்றி மிச்ச மையை இறக்குங்கள். கழிவுத்தாளில் நிறம் மங்கலாக, சீராக வரும்போதுதான் பிரஷ் வேலைக்குத் தயார். பிறகு மட்டைக்கு வெளியே, டேப்பின் மேலேயோ கலண்டரின் மேலேயோ சுற்றத் தொடங்கி, சுற்றிக்கொண்டே மட்டைக்குள் நுழையுங்கள். மட்டையின் நடுவில் பிரஷை நேராக வைத்துத் தொடங்கினால் வைத்த இடத்தில் ஒரு பொட்டு விழும், அது போகாது.

அழுத்தம் என்பது ஏறக்குறைய இல்லாமலே இருக்க வேண்டும். தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற அளவு. முதல் இரண்டு மூன்று சுற்றில் ஒன்றுமே தெரியவில்லை என்று தோன்றும். அங்கேதான் பலர் பொறுமை இழந்து அழுத்துகிறார்கள். அழுத்தாதீர்கள், மறுபடி கொஞ்சம் மை எடுத்து, கழிவுத்தாளில் இறக்கி, மறுபடி சுற்றுங்கள். நிறம் படலம் படலமாக ஏறும். ஒரு படலம் போட்டதும் ஒரு நிமிடம் விடுங்கள், மழை நாளில் டிரையரைத் தூரத்தில் பிடியுங்கள். ஈரமாய் இருக்கும் இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் கீழே இருக்கும் மை கிளம்பி வரும். பொடி எழும்பத் தொடங்கிய இடத்தை உடனே விட்டுவிடுங்கள், அதில் இனி மை வைக்க வேண்டாம். அந்த இடத்துக்கு மேல் ஒரு பூவையோ எழுத்துப் பட்டியையோ ஒட்டிக்கொள்ளலாம்.

இரண்டு நிறம் சேர்ப்பதில் எப்போதும் வெளிறியதில் தொடங்குங்கள். மஞ்சளை அது நிற்க வேண்டிய எல்லைக்கும் கொஞ்சம் அப்பால் கொண்டுபோங்கள். அதன் மேல் ரோசாவைக் கொண்டுவந்து, சந்திக்கிற இடத்தில் மஞ்சளை மூடும்படி ஏற்றுங்கள். பிறகு மீண்டும் மஞ்சள் பிரஷை எடுத்து அந்தச் சந்திப்பில் மட்டும் சுற்றுங்கள். எல்லை கரைந்து, நடுவில் செம்மஞ்சள் தானாகப் பிறக்கும். அந்த மூன்றாவது நடையைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். எதிர் நிறங்களை மட்டும் நேராகச் சந்திக்க விடாதீர்கள். மஞ்சளும் ஊதாவும், சிவப்பும் பச்சையும், செம்மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் சேற்று நிறம்தான் வரும். மஞ்சளில் இருந்து ஊதாவுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் ரோசா வேண்டும். அந்திவானம் செய்ய அதுவே வழி. தொடக்கத்துக்கு மஞ்சள், ரோசா, நீலம் என்ற மூன்று பேட் போதும். சாய மை, அதாவது நிறம் முழுதாகக் கரைந்திருக்கும் மை, ஒளி ஊடுருவுவது, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது பச்சையும் ஊதாவும் செம்மஞ்சளும் அவையே தரும்.

இதைப் பழகியதும் உங்களுக்கு மிகப் பொருத்தமான ஒரு வேலையைச் சொல்கிறேன். நாம் தினமும் பார்க்கிற பனிமூடிய மலைவரிசை. ஒரு போட்டோகொப்பித் தாளை நீளவாக்கில், மலைமுகடு போல ஏற்ற இறக்கமாகக் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரம் கீழே பார்க்கும்படி மட்டையின் மேற்பகுதியில் வையுங்கள். தாள் வானத்தை மறைக்கும், ஓரம் முகடாக நிற்கும். அந்த ஓரத்தில் இருந்து கீழ்நோக்கி நீலத்தை மிக மெல்லியதாகத் தேய்த்து, கீழே போகப் போக ஒன்றுமில்லாமல் விடுங்கள். தாளை எடுத்தால் முகடு கூர்மையாகவும் அடிவாரம் பனிக்குள் கரைந்தும் தெரியும். தாளைக் கொஞ்சம் கீழே இறக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, மறுபடி தேய்க்கவும், இம்முறை சற்று அழுத்தமான நிறத்தில். இப்படி நாலைந்து வரிசை. தூரமலை வெளிறியும் கிட்டமலை கறுத்தும் வரவேண்டும், இயற்கையில் அப்படித்தான். நடுவில் உள்ள காற்றின் ஈரமும் தூசும் தூரத்து நிறத்தைக் கழுவிவிடுகிறது. பின்வரிசையில் ஒரு முகட்டைக் கூம்பாகக் கிழித்தால் மஸ்கெலியாவில் இருந்து தெரிகிற சிவனொளிபாதமலை. பதுளை, பசறைக்காரர்களுக்கு நமுனுகுல. இந்த மலைகளைப் பார்த்து வளர்ந்து கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனவர்களுக்கு இப்படி ஒரு மட்டை கிடைத்தால் அதன் மதிப்பே வேறு. கடையில் அச்சடித்து விற்கிற எந்த மட்டையும் அதைத் தராது.

வார்ப்புத்தகடு (ஸ்டென்சில்) வைத்துப் பூவோ கோலமோ தேய்க்க விரும்பினால் பழைய எக்ஸ்ரே படம் நன்றாக வெட்டுப்படும். பிரஷை நிமிர்த்திப் பிடியுங்கள், மை இன்னும் குறைவாக எடுங்கள், இல்லாவிட்டால் தகட்டுக்கு அடியில் ஊறும்.

மையின் வகை பற்றிச் சுருக்கமாக. ஒபிஸ் ஸ்டாம்ப் பேட் மையில் நிறம் மிகக் கடுமை, பேட் காயாமல் இருக்கச் சேர்க்கும் கிளிசரின் போன்ற பொருட்களால் ஈரக்காற்றில் பிசுபிசுப்பாகவே நிற்கும், அதிலும் ஊதா வெயிலில் சீக்கிரம் வெளிறும். அதை நிறம் கலக்கப் பாவிக்க வேண்டாம். நிறம் கலப்பதற்கென்றே செய்த சாய மைகளில் ரேஞ்சர் கம்பனியின் டிஸ்ட்ரெஸ் இங்க் பலரும் அறிந்தது. தண்ணீர் பட்டால் அது கிளம்பி ஓடும். 2017இல் வந்த டிஸ்ட்ரெஸ் ஒக்சைட் சாயமும் நிறமியும் (கரையாத நிறத்தூள்) சேர்ந்த கலவை. கூடுதல் நேரம் ஈரமாக இருக்கும், அதனால் ஊவாவின் கோடைக்கு அது நல்ல துணை. ஹட்டன் மழைக்குச் சாதாரண சாய மையே வசதி. சிறிய அளவுப் பேட்டாக மூன்று நிறம் வாங்கினால் நீண்ட காலம் வரும்.

மட்டையின் ஓரங்களைப் பழமையாகக் காட்டத் தடித்த பிளேன்டீயும் பாவிக்கலாம், டிக்காசனைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் இளம் பழுப்பு ஏறும். துருப்பிடித்த இரும்புப் பாத்திரத்தில் மட்டும் அதை வைக்க வேண்டாம், தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுத்துவிடும். தேத்தண்ணீர் முதலில், நன்றாகக் காய்ந்து அயன் பண்ணிய பிறகே மை.

வளைவுக்கும் வேர் ஈரம்தான், அது இரண்டு வழியில் வேலை செய்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஈரமாகிக் காய்வது ஒன்று. மற்றது நார் ஓடும் திசை. ஈரம் பட்டால் நார் நீளத்தைவிட அகலத்தில்தான் அதிகம் ஊதும், ஆகவே மட்டை நார்த்திசைக்கு இணையாகக் குழல் போலச் சுருளும். மட்டையை இரண்டு பக்கமாகவும் இலேசாக வளைத்துப் பாருங்கள், இலகுவாக வளைகிற மடிப்புக்கோடு நார்த்திசைக்கு இணையானது. வாழ்த்து மட்டையின் மடிப்பும் அந்தத் திசையிலேயே வரட்டும், முறியாமல் மடியும். தேய்த்து முடித்த துண்டு காய்ந்ததும் பின்பக்கத்தில் மெல்லிய சூட்டில் அயன் பண்ணி, இரண்டு வெள்ளைத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பாரமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். பிறகு அடி மட்டையில் ஒட்டும்போது தண்ணீர்ப் பசை வேண்டாம், இரட்டைப் பக்க டேப் போதும்.

தமிழ் வாழ்த்து ஸ்டாம்ப் கடைகளில் தேடி அலைய வேண்டாம். உங்கள் கையெழுத்தில் வெள்ளை ஜெல் பேனாவால் எழுதுங்கள். பின்னணி முழுதாகக் காயும் முன் எழுதினால் சாயம் வெள்ளைக்குள் ஏறி எழுத்தும் நிறமேறிவிடும். ஒரு நாள் விட்டு எழுதி, அது காய்ந்தபின் அதே கோட்டில் இன்னொரு தடவை எழுதினால் பளிச்சென்று நிற்கும். பொங்கல் பானை, கரும்பு, குத்துவிளக்கு போன்ற சிறு வடிவங்களை அழிறப்பரில் செதுக்கி முத்திரையாக்கிக்கொள்ளலாம். சுற்றிவர மினுக்குத்தூள் அல்லது சூட்டில் உருகி மேடாக நிற்கும் எம்போசிங் தூள் தூவுவதாக இருந்தால், முதலில் குழந்தைப் பவுடரைப் பஞ்சால் மெல்ல ஒற்றித் தட்டிவிடுங்கள். ஈரமட்டையில் தூள் எங்கும் ஒட்டிக்கொள்ளும்.

விற்கும்போது வாங்குகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். சாய மை வெயிலில் வெளிறும். உயரம் 1000 மீட்டர் கூடும்போது வெயிலின் புற ஊதாக்கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது, ஹட்டனும் நுவரெலியாவும் அந்த உயரத்துக்கும் மேலே. ஜன்னலுக்கு எதிரே மாட்டாமல் உள்சுவரில் வைத்தால் நிறம் நிலைக்கும். சுவரில் மாட்டவென்றே கேட்கிறவர்களுக்கு நிறமி மையில் செய்து கொடுங்கள். பிளாஸ்டிக் உறையில் போடும் முன் மட்டை இரண்டு நாளாவது திறந்து காயட்டும், மழைக்காலமென்றால் இன்னும் ஒரு நாள்.